கதைப் பட்டறை: கல்லில் இருப்பவன் எப்போது பேசலாம்?

கேள்வி: ஐயா, நான் எழுதிய மாயக்கதை ஒன்றில், ஆடு மேய்க்கும் செல்லி என்ற சிறுமி புளியமரத்தடி நடுகல்லில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். பொழுது சாயும் நேரத்தில் கல்லிலிருக்கும் வீரன் இறங்கி வந்து, தான் மீட்ட மாடுகள் எங்கே என்று கேட்கிறான். செல்லி, வீரன், செல்லியின் ஆயா, கூட வரும் நாய் ஆகிய நால்வரின் பார்வையிலும் கதை மாறி மாறி நகர்கிறது. மொத்தம் 1,500 சொற்கள். படித்துப் பார்த்த தோழி, யார் பார்க்கிறார்கள் என்பதே பிடிபடவில்லை என்கிறாள். ஒரே பார்வையில்தான் எழுத வேண்டுமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் 1,500 சொற்களை நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நானூறு சொல்கூடத் தேறாது. வாசகர் ஒருவரோடு ஒட்டிக்கொள்வதற்குள் அவரை எழுப்பி அடுத்தவரிடம் அனுப்பிவிடுகிறீர்கள். நடப்புலகக் கதையிலாவது இதை ஒருவாறு சமாளிக்கலாம். மாயக்கதையிலோ, வீரன் எல்லோர் கண்ணுக்கும் தெரிவானா, பொழுது விடிந்தால் திரும்பக் கல்லுக்குள் போய்விடுவானா என்று அந்த உலகத்தின் விதிகளையும் வாசகர் கூடவே கற்றுக்கொண்டிருக்கிறார். பார்வை மாறும் ஒவ்வொரு முறையும், யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி இந்தச் சுமையின் மேல் ஏறுகிறது.

ஆகவே ஒவ்வொரு பார்வையையும் நிறுத்தி வைத்து, வேறு யாராலும் சொல்ல முடியாத எதை இவர் சொல்கிறார் என்று கேளுங்கள். அந்நியனைக் கண்டும் தான் குரைக்காததற்கு உங்கள் நாய் ஒரு பத்தி முழுக்கக் காரணம் சொல்கிறது. காரணம் தெரியாமல், நாய் குரைக்கவில்லை என்பதைச் செல்லி மட்டும் கவனித்தால் அந்த இடம் இன்னும் அச்சமூட்டும். ஆயாவுக்குத் தெரிந்தது, அந்தக் கல் யார் வீட்டு முன்னோருடையது என்ற ஒரு செய்திதான். அதை அவர் வாயால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். மிஞ்சுவது செல்லியும் வீரனும்.

வீரனிடம்தான் உங்கள் கதையின் உயிர் இருக்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களைப் பாருங்கள். இவ்வகைக் கல்வெட்டுகளில் மன்னனின் ஆட்சியாண்டு வரும், வீரனின் பெயர் வரும், ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று முடியும். தொறு என்பது மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். கல்லை நட்டவர்கள் அவனைப் படர்க்கையில் வைத்துச் சொன்ன செய்தி அது. ‘நான் பட்டேன்’ என்று அவன் சொல்வதில்லை. அப்படியிருக்க, உங்கள் கதையில் அவன் ‘நான்’ என்று வாய் திறப்பதே ஒரு பெரிய நிகழ்ச்சி. நீங்களோ மூன்றாம் பத்தியிலேயே ‘என் நெடுந்தூக்கம் கலைந்தது’ என்று அவனைப் பேசவைத்துவிட்டீர்கள். அவன் நல்லவன், மாட்டைத் தேடுகிறவன் என்று வாசகருக்குத் தெரிந்த பிறகு செல்லி பயந்து நடுங்கினால், அந்தப் பயத்தில் யார் பங்குகொள்வார்கள்? அவன் குரலை ஒரே ஒரு முறை, கதையின் பிற்பகுதியில் கேட்கவையுங்கள்.

மாற வேண்டிய இடமும் உங்கள் கதையிலேயே இருக்கிறது. மாடுகள் எங்கே என்று கேட்டவனிடம் செல்லி, “மாடெல்லாம் வித்தாச்சு” என்கிறாள். அந்த வரியோடு அவள் பகுதியை நிறுத்தி, ஒரு வரி இடைவெளி விட்டு, அந்தப் பதிலை வீரனின் காதில் விழச்செய்யுங்கள். உயிரைக் கொடுத்து மீட்ட மந்தை ‘விற்கப்படும்’ என்பது அவனுக்கு விளங்காத பேச்சு. அவள் நீட்டும் பிளாஸ்டிக் பாட்டிலும் அவனுக்கு, உள்ளிருக்கும் நீர் வெளியே தெரிகிற ஒரு குடுவைதான். இப்படி எழுதினால் ‘வீரனின் பார்வை’ என்று தலைப்பிட வேண்டியதில்லை. அதேபோல் செல்லியின் பகுதியில் அவனை ‘வீரன்’ என்று எழுதாதீர்கள். அவள் காண்பது கையில் வில்லோடு நிற்கும் யாரோ ஓர் ஆளை.

உங்கள் தோழியின் குழப்பத்துக்கு இன்னொரு காரணம் சிறு வினைச்சொற்களில் ஒளிந்திருக்கிறது. ‘செல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வீரன் அவளை நோக்கிப் போனான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வாக்கியத்தில் நாம் செல்லிக்குள் இருக்கிறோம். ‘போனான்’ என்றதும் எங்கோ தூரத்தில் நின்று இருவரையும் பார்க்கிறோம். ‘அந்த ஆள் வந்தான்’ என்றால் அவளோடேயே இருந்திருப்போம். வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்தது, கதை எழுதுகிறவருக்கு இன்றும் பயன்படும் விதி. யாருடைய பகுதியோ அவரைத் தன்மையின் இடத்தில் வைத்துக்கொண்டு, எல்லா ‘வா’வையும் ‘போ’வையும் ஒரு முறை சரிபாருங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரிக் கோட்டை மலையில் தூங்கும் பூதத்தைப் பற்றிய என் கதையில், எல்லோர் மனத்தையும் அறிந்த கதைசொல்லி வருகிறார். இது பழைய பாணி, இதுவும் பார்வை தாவுவதுதான் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: பழைய பாணி என்பது ஒரு குற்றமாகாது. பாரதக் கூத்தில் கட்டியக்காரன் அரசனுக்குச் சேவகனாக நிற்பான், மறுகணமே நம் பக்கம் திரும்பி அரசனைக் கிண்டல் செய்வான். விடிய விடியப் பார்க்கும் யாரும் அதனால் குழம்புவதில்லை, ஏனெனில் அவன் தொடக்கத்திலேயே வந்து தன் உரிமையை நாட்டிவிடுகிறான். உங்கள் கதைசொல்லியின் குரலும் முதல் பத்தியிலேயே கேட்க வேண்டும். இரண்டு பக்கம் காவல்காரரின் மனத்துக்குள் மட்டும் இருந்துவிட்டு, மூன்றாம் பக்கத்தில் திடீரென்று பூதத்தின் கனவுக்குள் நுழைந்தால் அது தாவல்தான்.

கேள்வி: யானையே ‘நான்’ என்று சொல்லும் கதையில், கேழ்வரகுக் காட்டுப் பரணில் காவல் இருக்கும் விவசாயிக்கும் பாதி இடம் தரலாமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: தரலாம், இரண்டே பார்வை, இரண்டும் ஒரே வயலுக்காக மோதுபவை என்பதால் கதை தாங்கும். ஆனால் யானையின் பகுதியில் ‘வனத்துறை ஜீப்’ வரக்கூடாது. அதற்கு முதலில் வருவது வாசனை. பால் பிடித்த கதிரின் வாசனை, புகை, மனித வியர்வை. மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன என்பதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பரணில் இருப்பவருக்கு முழு அமைதியாக இருக்கும் அதே நேரம், யானையின் பகுதியில் கூட்டமே கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். விவசாயியைப் படர்க்கையில் எழுதினால் இரண்டு ‘நான்’ மோதாமல் இருக்கும்.