காலை எழுந்ததும் உள்ளங்கால் வளைவு வலிப்பது ஏன்?

எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் உள்ளங்கால் வளைவு சுருக்கென்று வலித்து, நடக்க நடக்கக் குறைவது எதனால் என்று கேட்டிருக்கிறீர்கள். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை நாண்போல் இழுத்துக் கட்டியிருக்கும் தடித்த நார்த்திசு, நெடுநேரம் நிற்பதாலோ தேய்ந்த செருப்பாலோ அளவுக்கு மீறி இழுபடும்போது பெரும்பாலும் இவ்வாறு வலிக்கும். பெருவிரலை மேல்நோக்கி வளைத்துப் பிடித்து வளைவை அழுத்திப் பாருங்கள். கயிறுபோல் விறைக்கும் அந்த நாரில் வலி கூடினால், அதுவே காரணம் என்ற ஐயம் வலுப்படும். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி உள்ளங்காலின்கீழ் 10 நிமிடம் உருட்டுவதும், படுக்கையை விட்டு இறங்குமுன்பே விரல்களைப் பின்னுக்கு இழுத்து 10 விநாடி வீதம் 10 முறை நீட்டுவதும் நல்ல பலன் தரும், ஆயினும் குணமாகப் பல வாரங்கள் ஆகலாம். அதுவரை டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள்; பலரும் மீறுவது இதைத்தான். 'டப்' என்ற சத்தத்துடன் வலி தொடங்கியிருந்தாலோ, கன்றிப்போய்க் காலை ஊன்ற முடியாவிட்டாலோ எலும்பு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.