பேஸ் கிட்டார் செய்வோம்: வாசகர் கேள்வி – பதில்

கோவையில் ஃபவுண்டரிகளுக்கு மர பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மர மாதிரி, செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீட்டுப் பட்டறையில் எலக்ட்ரிக் பேஸ் கிட்டார் செய்கிறேன். நான்கு தந்தி பேஸை வீட்டிலேயே செய்வது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சர்ச் பாடகர் குழுவில் இரவல் கிட்டாரில் பேஸ் வாசிக்கிறேன். பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த தேக்கு நிலைச்சட்டங்கள் வீட்டில் கிடக்கின்றன. அதில் சொந்தமாக ஒன்று செய்துகொள்ள முடியுமா ஐயா? இல்லை, வெளிநாட்டு மரம்தான் வாங்க வேண்டுமா?
– பாலிடெக்னிக் மாணவர், நாமக்கல்

தாராளமாகச் செய்யலாம் தம்பி. பழைய நிலைச்சட்டத்தைப் போல நன்றாகக் காய்ந்த மரம் இன்றைக்கு மரக்கடையில் எளிதில் கிடைக்காது. பல வருஷம் வெயிலும் மழையும் பார்த்து, முறுக்க வேண்டியதெல்லாம் முறுக்கி அடங்கிய மரம் அது. இழைப்புளி போடும் முன் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டி, மரத்தின் மேல் ஒட்டினாற்போல் நகர்த்திப் பாருங்கள். உள்ளே புதைந்த ஆணி இருந்தால் காந்தம் அந்தப் பக்கம் இழுக்கும். உடைந்த ஆணி ரவுட்டர் என்ற குடைவு இயந்திரத்தில் மாட்டினால் பிட் போனாலும் போகிறது, கண்ணுக்கே ஆபத்து. கண்ணாடி போடாமல் ரவுட்டரைத் தொடாதீர்கள்.

1951-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது உடலுக்கு ஆஷ் மரம் போட்டார். பிறகு ஆல்டர் வந்தது. இரண்டும் அமெரிக்காவில் விளையும் மரங்கள். நம் ஊரில் விளைவதை நாம் போடுவதில் ஒரு குறையும் இல்லை. எந்த மரத்தில் எந்த நாதம் என்று மணிக்கணக்கில் வாதாடுபவர்கள் உண்டு. காந்தம் வைத்து ஒலி எடுக்கும் கெட்டியான பேஸில் உடல் மரத்துக்காக அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் தீர்மானமான கருத்து. அந்தக் கவலை முழுவதையும் நெக்கில், அதாவது கையில் பிடிக்கும் நீண்ட கழுத்தில், போடுங்கள்.

உடல் மரத்தில் பார்க்க வேண்டியது எடை. தேக்கு ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 650 கிலோ. வழக்கமான 45 மி.மீ. கனத்தில் வெட்டினால் உடல் மட்டுமே 3 கிலோவை நெருங்கும். அதோடு நெக், உடலில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ், தந்தியை முறுக்கும் ட்யூனர் எல்லாம் சேர்ந்து தோளில் தொங்கினால் ஆராதனை முடிவதற்குள் கழுத்து கடுத்துவிடும். அதனால் உடலை 38 மி.மீ. கனத்தில் செய்து, மேலே 6 மி.மீ. பலகை ஒட்டுங்கள். ஒட்டும் முன் இரண்டு ஓரங்களிலும் உள்ளே குழி எடுத்துவிடுங்கள். நடுவில் நெக்கிலிருந்து பிரிட்ஜ் வரை கெட்டியாகவே இருக்கட்டும். தேக்கில் எண்ணெய் அதிகம் என்பதால், பசை தடவுவதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த துணியால் ஒட்டும் பக்கங்களை நன்றாகத் துடையுங்கள். துடைக்காமல் விட்டால் இன்றைக்கு ஒட்டும், ஒரு கோடை கழிந்ததும் வாய் பிளக்கும்.

நெக்குக்கு இருப்பதிலேயே ரேகை நேராக ஓடும் சட்டத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். கணு இருக்கக் கூடாது. அதை நீளவாக்கில் மூன்றாக அறுத்து, நடுத்துண்டைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுங்கள். ஒரு துண்டு ஒரு பக்கம் வளையப் பார்த்தால் அடுத்தது அதை மறுபக்கம் இழுத்துப் பிடிக்கும். ஒட்டியதும் அவசரப்பட்டு இழைக்க வேண்டாம். கொஞ்ச நாள் சும்மா நிறுத்தி வைத்து, லேசாக இழைத்து, மறுபடி நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனையிலிருந்து பாருங்கள். இனி அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வேலை.

கேள்வி: எங்கள் பக்கத்தில் வீணை செய்பவர்கள் இருக்கிறார்கள். பேஸ் கிட்டாருக்கும் அவர்களையே மெட்டு வைத்துக் கொடுக்கச் சொல்லலாமா? ஃப்ரெட் இருக்க வேண்டிய இடத்தை எப்படிக் கணக்கிடுவது?
– தஞ்சாவூர் வாசகர்

வீணையில் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. கைதேர்ந்தவர் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றையும் நகர்த்தி நிறுத்துவார். மெழுகு தேய்ந்தால், மேளம் கட்டுவது என்று சொல்லும் அந்த வேலையைத் திரும்பச் செய்துகொள்ளலாம். கிட்டாரில் ஃப்ரெட் என்ற உலோக மெட்டு, மரத்தில் அறுத்த வெட்டுக்குள் இறங்கி உட்காருகிறது. அறுத்த பிறகு நகர்த்த வழியில்லை. அதனால் இங்கே காதுக்கு முன்னால் அளவுகோல் வர வேண்டும். நெக்கின் பின்பக்கத்தை உருட்டிச் செதுக்க மட்டும் அந்த வீணை ஆசாரியைக் கேளுங்கள். பலாக்கட்டையைக் குடைந்து பழகிய உளிக்கு அது சுலபமான வேலை. கூடவே நின்று பார்த்தால் நீங்களும் நிறையக் கற்றுக்கொள்வீர்கள்.

இப்போது கணக்கு. நெக்கின் மேல் முனையில் தந்தியைத் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட்டின் தூரம் வரும். மிச்ச நீளத்தை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் முதலாவதிலிருந்து இரண்டாவதின் தூரம். இப்படியே போக வேண்டியதுதான். வழக்கமான பேஸின் நீளம் 34 அங்குலம், அதாவது 863.6 மி.மீ. அதில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 48.47, இரண்டாவது 94.22, ஐந்தாவது 216.63, ஏழாவது 287.22 மி.மீ. பன்னிரண்டாவது சரிபாதியான 431.8-ல் விழும். அது பாதியில் விழவில்லை என்றால் கணக்கில் எங்கோ பிசகு என்று அர்த்தம்.

தூரத்தைக் கணக்கிடுவது முந்தைய ஃப்ரெட்டிலிருந்து. மரத்தில் குறிப்பது மட்டும் எப்போதும் நட்டிலிருந்து. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன். முந்தைய கோட்டில் அளவுகோலை வைத்து அடுத்ததைக் குறித்துக்கொண்டே போனால், தடவைக்கு அரை மி.மீ. ஒரே பக்கம் பிசகினாலும் இருபதாவது ஃப்ரெட்டில் 10 மி.மீ. தள்ளிப்போயிருக்கும். பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் நடுவே இருப்பதே 16 மி.மீ. சொச்சம்தான். ஒரு சுவரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அந்தரத்தில் நிற்கும் ஃப்ரெட்டை வைத்து என்ன வாசிப்பது?

பென்சில் வேண்டாம். பென்சில் கோடே அரை மி.மீ. அகலம் வரும். கூரான கத்தியால் ஒரே இழுப்பில் கீறுங்கள். அந்தக் கீறலிலேயே ரம்பப் பல் வந்து உட்காரும். ஃப்ரெட் பதிக்கும் மேல்பலகையான ஃபிங்கர்போர்டு சமதளமாக, இரு பக்கமும் இணையாக இருக்கும்போதே, மூலமட்டத்தைச் சாத்தி எல்லா வெட்டையும் அறுத்துவிடுங்கள். ஓரத்தைச் சாய்த்து இழைப்பதும் மேல்பக்கத்தை வளைவாக்குவதும் அப்புறம். வெட்டு ஏறத்தாழ 0.6 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். உங்கள் ஃப்ரெட் கம்பியின் அடிவாரம் எவ்வளவு கனம் என்று பார்த்து, கழிவுத் துண்டில் முதலில் அறுத்து அடித்துப் பாருங்கள். கையால் அழுத்தினால் இறங்கக் கூடாது, சுத்தியலால் தட்டினால் இறங்க வேண்டும்.

காகிதத்தில் அச்சிட்ட அளவுப் படத்தை ஒட்டி அறுப்பவர்கள், ஒட்டும் முன் பன்னிரண்டாவது கோட்டை எஃகு அளவுகோலால் அளந்துவிடுங்கள். பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று பிரின்டர் 97 சதவீதமாகச் சுருக்கினால் 431.8 போய் 418.8 ஆகிவிடும். பேட்டர்ன் பட்டறைக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: வார்ப்புச் சுருக்கத்துக்காக நீட்டிப் போட்ட நமது சுருக்க அளவுகோலைப் பேஸ் வேலைக்கு எடுக்காதீர்கள். முதல் கோட்டிலிருந்து பிரிட்ஜ் வரை ஒரே சாதாரண எஃகு அளவுகோல் போதும்.

ஃபிங்கர்போர்டுக்கு நம் ஈட்டி மரத்தை உலகமே தேடுகிறது. கைரேகை போலக் கறுப்பும் ஊதாவும் ஓடும் அந்தப் பலகையை இழைக்கும்போது எழும் வாசனைக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். அந்த மர வகை முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ரசீதோடு விற்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நெக்குக்குள் ஒரு கெட்டி இரும்புக் கம்பியைப் புதைத்துவிட்டால் போதாதா? ட்ரஸ் ராட் என்று தனியாக எதற்கு?
– தூத்துக்குடி வாசகர்

வழக்கமான கனமுள்ள நான்கு பேஸ் தந்திகள் சேர்ந்து நெக்கை இழுக்கும் இழுவை கிட்டத்தட்ட 75, 80 கிலோ. ஒரு ஆளையே இரவும் பகலும் அதில் தொங்கவிட்ட கணக்கு. கெட்டிக் கம்பி அந்த வளைவைக் குறைக்கும், சரி. ஆனால் உங்கள் ஊர்க் காற்றில் உள்ள ஈரத்துக்கு மரம் ஒரு மாதம் ஒரு மாதிரியும் இன்னொரு மாதம் வேறு மாதிரியும் நிற்கும். கெட்டிக் கம்பியைப் புதைத்த பிறகு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ட்ரஸ் ராடைச் சாவி போட்டுத் திருப்பி நெக்கை நிமிர்த்தலாம், தளர்த்தலாம். கிப்ஸன் நிறுவனத்தில் தாடியஸ் மக்ஹ்யூ இதற்கு 1923-ல் காப்புரிமை பெற்றார். நூறு வருஷமாகியும் இதை விட்டுவிட யாருக்கும் மனம் வரவில்லை.

இரண்டு பக்கமும் வேலை செய்யும் ராடாக வாங்குங்கள். ஃபிங்கர்போர்டு ஒட்டுவதற்கு முன்பே நெக்கில் அதற்கான பள்ளம் எடுத்தாக வேண்டும். அளவைப் புத்தகத்தில் பார்க்காதீர்கள், கையில் இருக்கும் ராடை வைத்தே குறியுங்கள். ஆடாமல் உட்கார வேண்டும். ஆடினால் வாசிக்கும்போது உள்ளே கடகடக்கும்.

நெக் முழுக்க நேராகவும் இருக்கக் கூடாது. அதிரும் தந்திக்கு நடுவில் இடம் வேண்டும் என்பதால் மிக லேசான குழிவு தேவை. இப்படிப் பாருங்கள்: தந்திகளைச் சுருதிக்கு ஏற்றிவிட்டு, தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். இப்போது அந்தத் தந்தியே உங்கள் மட்டப்பலகை. ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைந்தால், ஏறத்தாழ 0.3 மி.மீ., அது போதும். திருப்புவதானால் ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும். திருப்பிவிட்டு மரம் நிலைக்கு வர நேரம் கொடுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. 34 அங்குலம் அவள் கைக்கு எட்டவில்லை. சிறியதாகச் செய்தால் அது பேஸ்தானா?
– மதுரை வாசகி

பேஸ்தான் அம்மா. 30 அங்குல நீளத்தில் அந்தக் காலத்திலிருந்தே நல்ல பேஸ்கள் வந்திருக்கின்றன. 762 மி.மீ. வைத்துக் கணக்கிட்டால் முதல் ஃப்ரெட் 42.77-ல் வரும், சின்ன விரல்களுக்கு அது பெரிய வித்தியாசம். அதே தந்தி, அதே சுருதி என்றால் இழுவையும் 22 சதவீதம் குறைகிறது, அழுத்துவது சுலபம். குட்டை நீளத்துக்கு என்றே விற்கும் தந்தியாகக் கேட்டு வாங்குங்கள். நீளமான தந்தியை வெட்டிப் போட்டால் அதன் தடித்த பகுதி ட்யூனரில் சுற்றாது.

கேள்வி: செய்து முடித்துவிட்டேன். ஆம்ப்ளிஃபயரில் போட்டால் ஒரே இரைச்சல். தந்தியைத் தொட்டால் குறைகிறது, கையை எடுத்தால் திரும்ப வருகிறது.
– நாகர்கோவில் வாசகர்

தொட்டால் குறைகிறது என்பதால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் சரியாகவே இருக்கிறது. உங்கள் உடம்பு வாங்கிக்கொண்டிருந்த இரைச்சல் தந்தி வழியாக இறங்கிவிடுகிறது. குறை உள்ளே இருக்கும் மறைப்பில். தந்தியின் அதிர்வைக் காந்தத்தால் வாங்கும் பிக்கப்பின் குழி, வால்யூம் குழி இரண்டிலும் செம்புத் தகடு ஒட்டி, துண்டுகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஈயம் வைத்து, எல்லாவற்றையும் எர்த்தில் சேருங்கள். பிக்கப்பிலிருந்து வரும் ஒயர்களைத் தளர விடாமல் முறுக்கி விடுங்கள்.

ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் கொஞ்சம் இரைச்சல் மிஞ்சத்தான் செய்யும். பிரிசிஷன் பேஸில் 1957 முதல் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, சுருளை எதிரெதிராகப் போட்டு இரைச்சலை ஒன்றுக்கொன்று தீர்த்துவிட்டார்கள். அடுத்த முறை அந்த வகையைப் போடுங்கள்.

இது எல்லாவற்றையும் விட முக்கியம்: உங்கள் தந்தி ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. வீட்டு பிளக்கில் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு வாசியுங்கள். மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின்னில் ஓட்டும் ஆம்ப்ளிஃபயரில் உலோகத் தந்தியைத் தொடுவது உயிரோடு விளையாடுவது.

கேள்வி: தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் சுருதி சரியாக இருக்கிறது. மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போனால் சேரவில்லை. ஃப்ரெட் எல்லாம் தப்பாக அறுத்துவிட்டேனா?
– காரைக்கால் வாசகர்

பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பிரிட்ஜில் தந்தி உட்காரும் சாடிலை நகர்த்தினாலே சரியாகிவிடும். அழுத்தும்போது தந்தி கொஞ்சம் இழுபடுவதால் சுருதி ஏறும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு தந்தியையும் கணக்கிட்ட நீளத்தைவிடச் சற்று நீட்ட வேண்டும், தடித்த தந்தியை அதிகமாக. அதனால்தான் பிரிட்ஜில் நான்கு சாடிலும் ஒரே வரிசையில் நிற்பதில்லை.

பழைய தந்தியை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், புதிது போடுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டி எடுக்கும் ஒலியை ட்யூனர் கருவியில் பாருங்கள். அதே இடத்தில் அழுத்தி மீட்டியும் பாருங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கி நின்றால் நெக் பக்கம் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு தடவையும் சுருதியைத் திரும்பச் சேர்த்துவிட்டுப் பாருங்கள். நான்கு தந்தியும் சரியான பிறகும் ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் பிசகு இருந்தால், அந்த ஃப்ரெட் நட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். மேற்கொண்டு என்ன செய்வதென்று சொல்கிறேன்.