விலை இறங்கும்போது வீடு: கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

ரொறன்ரோவுக்கு அருகே மார்க்கம் நகரில் மாதம் 2,600 டொலர் வாடகைக்கு இருக்கிறோம். ஏஜாக்ஸில் எழுபது நாளாக விலைப்படாமல் நிற்கும் ஒரு டவுன்ஹவுஸ் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. கேட்கும் விலை 8 இலட்சம். ஐந்தில் ஒரு பங்கு முற்பணம் கையில் உண்டு. வாடகை வீண் காசு, உடனே வாங்குங்கள் என்கிறார் முகவர். இன்னும் இறங்கும், பொறு என்கிறார் அண்ணா. யார் சொல்வதைக் கேட்பது?

கே., மார்க்கம்

அன்புள்ள கே.,

விலை எந்த மாதம் அடியைத் தொடும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அதைத் தெரிந்துகொள்ளும் தேவையும் உங்களுக்கு இல்லை. ரொறன்ரோவில் 1989இல் 2,73,000 டொலரைத் தாண்டியிருந்த சராசரி வீட்டு விலை, 1996இல் 1,98,000 அளவுக்கு இறங்கி, பழைய இடத்துக்குத் திரும்ப 2002 ஆயிற்று. நாங்கள் ஸ்காபரோவில் வாங்கியது 1994இல். அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் விலை இறங்கியது; ஆனால் விற்கவேண்டிய நெருக்கடி வராததால் அந்த இறக்கம் எங்கள் வாசற்படியைத் தாண்டவில்லை. அதே காலத்தில் வேலை போய், தவணை கட்ட வழியின்றி, கடனைவிடக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு வெளியேறியவர்களையும் அறிவேன். ஆகவே வட்டி இரண்டு வீதம் ஏறினாலும், ஒருவரின் சம்பளம் ஆறு மாதம் நின்றாலும் தவணை கட்ட முடியுமா என்பதை முதலில் இருவருமாக உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

வாடகை வீண் காசு என்பது சரியல்ல. 6,40,000 டொலர் கடனுக்கு நாலரை வீதத்தில் முதலாண்டு வட்டியே ஏறத்தாழ 28,000. அதற்கு மேல் சொத்து வரி, காப்புறுதி, பழுதுபார்ப்பு. உங்கள் ஆண்டு வாடகை 31,200. பொறுத்திருப்பதால் பெரிதாக ஒன்றும் இழக்கமாட்டீர்கள்.

ஆனால் அண்ணா சொல்வது போல அடிவிலைக்காகவே காத்திருந்தால், அது கடந்துபோன பிறகுதான் தெரியவரும். அப்போது உங்களோடு இன்னும் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். சராசரி விலை 13 இலட்சத்தைத் தாண்டிய 2022 பெப்ரவரியில், வாங்க வந்தவர்கள் பதினைந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டுப் பரிசோதனையும் வேண்டாம், வங்கிக் கடன் கிடைத்தால்தான் வாங்குவோம் என்ற நிபந்தனையும் வேண்டாம் என்று கையெழுத்திட்டார்கள். ஒப்புக்கொண்ட விலையை அல்ல, தன் மதிப்பீட்டை வைத்தே வங்கி கடன் கொடுக்கும் என்பதால், வீடு கைமாறும் நாளுக்குள் விலை விழுந்தபோது அந்த இடைவெளியைத் தங்கள் கையிலிருந்தே நிரப்பவேண்டியவர்களாக அவர்களிற் பலர் நின்றார்கள்.

இன்று இறங்கும் சந்தை உங்களுக்குத் தருவது மலிவு விலையை மட்டுமல்ல, அன்று அவர்களுக்குக் கிடைக்காத அவகாசத்தையும்தான். அதை முழுதாகப் பயன்படுத்துங்கள். அந்த வீட்டை ஒரு பெருமழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். பேஸ்மென்ட் சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே வந்து போகிறது என்று பொருள். புதிதாகப் பூசிய பெயின்ற் அந்த உயரம்வரை மட்டும் இருந்தாலும் அப்படியே சந்தேகியுங்கள். பிறகு, பரிசோதனைக்கும் வங்கியின் ஒப்புதலுக்கும் ஐந்து வேலை நாள் நிபந்தனை வைத்து, தவணைக் கணக்குத் தாங்கும் விலையை எழுதிக் கொடுங்கள். அவ்வீட்டாருக்கு அது ஒவ்வாவிட்டால் வாடகை வீட்டுக்குத் திரும்பி, அடுத்ததைப் பார்க்கலாம்.