பள்ளி திறக்கும் தேதியை யார் முடிவு செய்கிறார்கள்? ஏன் மாற்றுகிறார்கள்?

தமிழ்நாட்டில் அதை முடிவு செய்வது பள்ளிக் கல்வித் துறை. தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வெயில் தணியாவிட்டால் மாறும். 2023-இல் முதலில் ஜூன் 1 என்றார்கள், அப்புறம் ஜூன் 7 ஆனது. கடைசியில் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு ஜூன் 12, சின்னப் பிள்ளைகளுக்கு ஜூன் 14. தகர ஷீட் போட்ட வகுப்பறைகளை நினைத்தால் அது சரியான முடிவுதான்.

அதற்காக லீவை இஷ்டத்துக்கு நீட்ட முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வரை 200 வேலை நாள், 6 முதல் 8 வரை 220. அதனால்தான் மழைக்கு விட்ட லீவுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைக்கிறார்கள். வைகுண்ட ஏகாதசிக்காகத் திருச்சியில் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடும்போது, ஈடுகட்டும் வேலை நாளும் அந்த அறிவிப்பிலேயே இருக்கும். ஊருக்கு டிக்கெட் போடுமுன் அந்த வரியையும் பார்த்துவிடுங்கள்.