பால் ஒத்துக்கொள்ளவில்லை, பருப்பு வாயு பிடிக்கிறது: புரதத்துக்கு என்ன செய்வது?

நான் டயட்டீஷியன். வந்த கேள்விகளைச் சுருக்கி, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். மருந்து எழுதுவது என் வேலை இல்லை, அந்த இடம் வந்தால் டாக்டரிடம் போகச் சொல்வேன்.

கேள்வி: வயது 24, எடை 70 கிலோ, ஜிம்முக்குப் போகிறேன். வே புரோட்டீனை (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) பாலில் கலந்து, வாழைப்பழம் போட்டு அடித்துக் குடிக்கிறேன். அரை மணியில் வயிறு உப்பி, பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஐசோலேட்டுக்கு மாறினால் சரியாகுமா அக்கா?

பதில்: தம்பி, பவுடரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் பாலைப் பாருங்கள். 300 மில்லி பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஏறக்குறைய 14 கிராம் இருக்கும். சாதாரண வே கான்சென்ட்ரேட் ஒரு ஸ்கூப்பில் அது சுமார் 2 கிராம்தான். லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் என்சைம் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு நம்மில் நிறைய பேருக்குக் குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துக் காற்றாகிறது. அதுதான் உங்கள் உப்புசம்.

அதனால் ஒரு வாரம் அதே பவுடரை வெறும் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். சரியானால் செலவு மிச்சம். சரியாகவில்லை என்றால், இன்னும் சுத்திகரித்த வகையான ஐசோலேட். அதில் லாக்டோஸ் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழே. அதுவும் ஒத்துவரவில்லை என்றால் லேபிளில் மால்டிட்டால், சார்பிட்டால் என்ற இனிப்பூட்டிகளோ இனுலின் என்ற நாரோ இருக்கிறதா என்று பாருங்கள். 'சுகர் ஃப்ரீ' என்று போட்ட புரோட்டீன் பார்களில் இவை அடிக்கடி இருக்கும். பால் சம்பந்தமே இல்லாமல் வயிற்றைக் கலக்கிவிடும்.

அளவு? ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020இல் சொன்னது சாதாரண ஆளுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம், உங்களுக்குச் சுமார் 58 கிராம். எடை தூக்குகிறவர் 1.2 முதல் 1.6 வரை போகலாம். நாலு முட்டையில் 24 கிராம், 150 கிராம் கோழியில் 30க்கு மேல் வந்துவிடுகிறது. மிச்சத்தை எண்ணிப் பார்த்தால் இரண்டாவது ஸ்கூப்புக்கு இடமே இருக்காது. பவுடரைத் தவிர்க்கச் சொல்லி அவர்களின் 2024 வழிகாட்டுதலிலும் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு கறாராக நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் சாப்பாட்டுப் புரதம், பவுடர் அதற்கு அப்புறம்தான்.

கேள்வி: ஏ2 நாட்டு மாட்டுப் பால், ஆட்டுப் பால் என்றால் லாக்டோஸ் பிரச்சனை வராதாமே?

பதில்: வரும். ஏ2 என்பது பாலில் உள்ள கேசின் என்ற புரதத்தின் வகை, அதற்கும் லாக்டோஸுக்கும் சம்பந்தம் இல்லை. ஆட்டுப் பாலில் கொஞ்சம்தான் குறைவு. நன்றாக உறைந்த தயிரும் பனீரும் நிறைய பேருக்கு ஒத்துக்கொள்ளும், அவற்றைக் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. பால் பட்டாலே தடிப்பு, ஒருமுறை உதடு வீங்கிவிட்டது. லாக்டோஸ் இல்லாத பால் கொடுக்கலாமா?

பதில்: கூடாதும்மா. இது மேலே சொன்ன கதையே இல்லை. அங்கே சர்க்கரை செரிக்கவில்லை, இங்கே பாலின் புரதத்தையே உடம்பு எதிரியாக நினைக்கிறது. லாக்டோஸை எடுத்தாலும் அந்தப் புரதம் அப்படியே இருக்கும். வே ஐசோலேட் என்பது அந்தப் புரதத்தைத் திரட்டி டப்பாவில் போட்டது, இன்னும் ஆபத்து. ஆட்டுப் பாலும் எருமைப் பாலும் பெரும்பாலும் அதே அலர்ஜியைக் கிளப்பும். உதடு வீங்கிய குழந்தையை அலர்ஜி டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். அவசர ஊசி கையில் வைத்திருக்க வேண்டுமா என்பதை அவர் சொல்வார்.

புரதத்துக்குப் பயப்பட வேண்டாம். இந்த வயதுக்கு நாளுக்குச் சுமார் 16 கிராம் போதும். ஒரு முட்டை, இரண்டு இட்லி, மதியம் பருப்பு சாதம், ஒரு துண்டு மீன் என்றாலே தாண்டிவிடும். கால்சியத்துக்குத்தான் மெனக்கெட வேண்டும்: கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி. பிஸ்கட் வாங்கும்போது 'பால் திடப்பொருள்', 'கேசினேட்', 'வே' என்ற சொற்களைத் தேடுங்கள்.

கேள்வி: சீலியாக் என்று சொல்லிவிட்டார்கள். கோதுமையை விட்டு ஆறு மாதம் ஆகிறது, இன்னும் வயிறு சரியில்லை. புரதத்துக்குச் சத்துமாவுக் கஞ்சி குடிக்கிறேன்.

பதில்: சீலியாக் என்றால் கோதுமை, வாற்கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் நோய். அந்தச் சத்துமாவில் என்ன போட்டு அரைத்தார்கள்? கடைச் சத்துமாவில் கோதுமையும் வாற்கோதுமையும் சேர்ப்பது வழக்கம். வீட்டில் வறுத்து மில்லில் கொடுத்தாலும், உங்களுக்கு முன்னால் அரைத்தவரின் கோதுமை மாவு அந்த இயந்திரத்தில் ஒட்டியிருக்கும். மிக்சியில் அரையுங்கள்.

இன்னொரு ஆள் பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில், கட்டியோ தூளோ, பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு இருக்கும். ரசத்துக்கு ஒரு சிட்டிகை என்று விட்டுவிடாதீர்கள், சீலியாக்காரருக்கு அந்தச் சிட்டிகையே கணக்கில் வரும். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். மால்ட் போட்ட பானங்கள், சோயா சாஸ், சம்பா ரவை எல்லாம் இதே பட்டியல். 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது விதி.

பருப்பு வகைகள், நிலக்கடலை, பொட்டுக்கடலை, முட்டை, மீன் எதிலும் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. உங்களுக்குத் தனிப் பவுடர் எதற்கு?

இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே கோதுமையை நிறுத்த நினைப்பவர்களுக்கு: முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால் முடிவு தப்பாக வரலாம்.

கேள்வி: சுத்த சைவம். ஐபிஎஸ் (குடல் எரிச்சல் நோய்) இருக்கிறது. பருப்பு சாப்பிட்டாலே வாயு. புரதத்துக்கு எங்கே போவேன்?

பதில்: பருப்பில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் என்சைம் மனிதர் யாருக்குமே கிடையாது. ஐபிஎஸ் உள்ளவருக்கு அந்தக் காற்று வலியாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அவை தண்ணீரில் கரைபவை. இரவு ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேக வையுங்கள். தோல் நீக்கிய பாசிப்பருப்பில் ஆரம்பித்து, கால் கப் சாப்பிட்டுப் பாருங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மா, மொச்சை இப்போதைக்கு வேண்டாம்.

சாம்பாரில் குற்றவாளி பருப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சின்ன வெங்காயமும் பூண்டும் ஐபிஎஸ்காரர்களுக்கு ஆகாதவற்றில் முன்னணியில் நிற்பவை. ஒருநாள் அவை இல்லாமல் பருப்பு மட்டும் வைத்துப் பாருங்கள். கெட்டி டோஃபு நல்லது, அந்தச் சர்க்கரை பெரும்பகுதி தண்ணீரோடு வடிந்துவிடும். மீல்மேக்கரில் அப்படி வடிவதில்லை. 100 கிராமில் 52 கிராம் புரதம் என்று பாக்கெட் ஆசை காட்டினாலும் உங்கள் வயிறு சம்மதிக்காமல் போகலாம்.

கேள்வி: 200 உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனையில் 'ஒவ்வாமை' சொல்கிறார்களே, எடுக்கலாமா?

பதில்: அது ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்பொருள்) பரிசோதனை என்றால் காசை வீணாக்க வேண்டாம். ஐஜிஜி இருக்கிறது என்றால் அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று மட்டும்தான் அர்த்தம். இந்த ரிப்போர்ட்டோடு வருபவர்கள் முட்டை, பால், கோதுமை, கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முடி கொட்டுகிறது என்று நிற்கிறார்கள். சந்தேகப்படும் ஒன்றை மட்டும் இரண்டு, மூன்று வாரம் நிறுத்தி, மறுபடி சேர்த்துப் பாருங்கள். தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வந்தவர்கள் மட்டும் இதை வீட்டில் செய்யக்கூடாது.

கேள்வி: நிலக்கடலை அலர்ஜி. பட்டாணிப் புரோட்டீன் பவுடர் பாதுகாப்பானதா?

பதில்: பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இரண்டும் பயறுக் குடும்பம், பவுடரில் அந்தப் புரதம் செறிவாக இருக்கும். டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: பால், சோயா இரண்டும் ஆகாது. கொலாஜன் பவுடர் போதுமா?

பதில்: போதாது. அதில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலமே கிடையாது, தசைக்கு அதை மட்டும் நம்ப முடியாது. பட்டாணிப் புரதமும் அரிசிப் புரதமும் கலந்த பவுடர் வாங்குங்கள், ஒன்றில் குறைவது மற்றதில் இருக்கும். கொலாஜன் மாட்டுத் தோலிலிருந்தோ மீனிலிருந்தோ எடுப்பது. சைவக்காரர்களும் மீன் அலர்ஜி உள்ளவர்களும் லேபிள் பார்க்காமல் தொட வேண்டாம்.