தினமும் காலையில் கணினியின் தேதி பின்னால் போய்விடுகிறது. வைரஸா, ஃபார்மட் செய்யலாமா?

இரவு அணைத்த டெஸ்க்டாப்பைக் காலையில் போட்டால் தேதி 2015 ஜனவரி 1 என்று நிற்கிறது, வங்கித் தளத்தைத் திறந்தாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வருகிறது, அதனால் ஃபார்மட் செய்யப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தயவுசெய்து ஃபார்மட் செய்யாதீர்கள். அப்பாவின் கணினிக்கும் இதே தொல்லை வந்தது. கடையில் கொடுத்தோம், ஃபார்மட் செய்து தந்தார்கள். மறுநாள் காலையில் தேதி மறுபடி பின்னால் போயிருந்தது. டெஸ்க்டாப்பில் இருந்த பத்து வருடப் படங்கள்தான் திரும்பி வரவில்லை. கடைசியில் மாற்றியது 40 ரூபாய் பேட்டரி ஒன்றை.

கணினியின் உள்ளே எல்லா பாகங்களும் இணையும் பெரிய பலகையான மதர்போர்டில் நாணயம் போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032. அந்தப் பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன். மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் பேட்டரிக்கு வேலை குறைவு. நம் வீடுகளில் படுக்கும் முன் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவோம். அப்போது முழுச் சுமையும் பேட்டரியின் மேல்.

சோதித்துப் பார்ப்பது எளிது. தேதியைச் சரிசெய்துவிட்டு, இன்று ஒரு இரவு சுவர் சுவிட்சை மட்டும் அணைக்காமல் விடுங்கள். காலையில் நேரம் சரியாக இருந்தால் பேட்டரிதான். மல்டிமீட்டர் இருந்தால் அளந்தும் பார்க்கலாம். புதியது 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். நேரம் சரியாக ஐந்தரை மணி மட்டும் தள்ளியிருந்தால் கதை வேறு. அது நேர மண்டல அமைப்பு, அல்லது விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருப்பதால் வருவது.

அந்தச் சிவப்பு எச்சரிக்கைக்கு வருகிறேன். ஒவ்வொரு தளமும் 'நான் போலி இல்லை' என்று காட்டும் மின்னணுச் சான்றிதழிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கணினி 2015-இல் நிற்கிறது. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் மறுக்கிறது. தேதியைச் சரிசெய்தால் எச்சரிக்கை போய்விடும். 'பரவாயில்லை, தொடரவும்' என்ற பொத்தானை மட்டும் அழுத்திப் பழகாதீர்கள். தினமும் அழுத்திய விரல், ஒருநாள் நிஜமாகவே போலித் தளம் ஒன்று வரும்போதும் அழுத்திவிடும். அப்பா ஒரு மாதம் அப்படித்தான் வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

பேட்டரியைக் கழற்றும் முன் இரண்டு வேலைகள். ஒன்று, பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுங்கள். பேட்டரி போனால் பல போர்டுகளில் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். அங்கே சாட்டா பயன்முறை (கணினி வட்டோடு பேசும் முறை) ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ மாறிவிட்டால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். வட்டு கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள், படத்தைப் பார்த்துப் பழையபடி மாற்றினால் போதும். இரண்டு, வட்டில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்குகிறதா பாருங்கள். விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் நாம் கேட்காமலே இயங்கும். அமைப்பு மாறினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள்.

அப்புறம் வேலை ஐந்து நிமிடம்தான். பவர் வயரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்துங்கள். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி எழும்பும். படுக்கையாக இருக்கும் சாக்கெட்டில், எழுத்தும் கூட்டல் குறியும் மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். லேப்டாப்பில் இது பெரும்பாலும் வயரோடு உள்ளே ஒட்டியிருக்கும், பழக்கமுள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மாற்றியதும் பயாஸில் தேதி, பூட் வரிசை (எதிலிருந்து முதலில் தொடங்குவது), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் அமைப்பு), கடவுச்சொல் நான்கையும் பாருங்கள். பல டெஸ்க்டாப்களில் பேட்டரியைக் கழற்றினாலே பயாஸ் கடவுச்சொல் அழிந்துவிடும். அதனால் அதை மட்டும் நம்பிக் கோப்புகளை விட்டுவைக்காதீர்கள்.

வீட்டில் குழந்தை இருந்தால், கழற்றிய பேட்டரியை மேசையில் வைக்கவே வைக்காதீர்கள். விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். இருபுறமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

சோதனையில் நேரம் சரியாக வரவில்லை என்றால் போர்டின் மாடலைக் கீழே எழுதுங்கள், பார்க்கிறேன்.