ரசம் வருவதற்குள்

அன்புள்ள ஐயா,

சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை செய்கிறேன். எங்கள் அலுவலகத்தில் சிலர் சங்கம் தொடங்கலாம் என்கிறார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. சந்தா, கொடி, கட்சி, காசு பார்க்கும் தலைவர்கள். அதுதான் சட்டம் இருக்கிறதே, இன்னும் சங்கம் எதற்கு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

காசு பார்க்கும் தலைவர்கள் உண்டு. அடுக்ககச் சங்கத்திலும்தான் உண்டு, அதை யாரும் கலைத்துவிடவில்லை. கொடியின் நிறம் பிடிக்காவிட்டால் வேறு நிறத்தில் தைத்துக்கொள்ளுங்கள்.

'சட்டம் இருக்கிறதே' என்றீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. போன வாரம் தியாகராய நகரில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. முக்காலி இருந்தது. உட்கார்ந்திருந்த பெண், மேற்பார்வையாளர் தலை தெரிந்ததும் துள்ளி எழுந்து, மடித்த புடவையையே மறுபடி மடித்தாள். முக்காலியைச் சட்டம் போட்டுவிட்டது. 'உட்காரம்மா' என்று சொல்ல அந்தக் கடையில் ஆள் இல்லை.

சட்டமும் சும்மா வந்ததல்ல, தம்பி. 1918-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பின்னி நெசவாலைத் தொழிலாளர்களின் பெரிய குறைகளில் ஒன்று மதியச் சோறு: அரை மணி நேர இடைவேளை போதவில்லை. அன்னி பெசன்ட்டின் தோழர் பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைநின்றார். நிர்வாகம் வாடியாமீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கியது. நாலு பேருக்காகப் பேசினால் நஷ்டஈடு கட்ட வேண்டிய காலம். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்த பிறகுதான் பதிவுபெற்ற சங்கத்துக்கு அந்த வழக்குகளிலிருந்து காப்பு. படித்த பிள்ளை, இதையாவது தெரிந்துகொண்டு தயங்கக் கூடாதா?

என் அப்பாவும் வடசென்னையில் ஓர் ஆலையில்தான் இருந்தார். சங்கம் என்று வாயெடுத்தால் வேலை போகும் இடம். ஞாயிற்றுக்கிழமையும் நாலே நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பார். அம்மா ரசத்தோடு வருவதற்குள் கை கழுவியிருப்பார். "யார் துரத்துகிறார்கள் உங்களை?" என்று கரண்டியோடு நிற்பாள். ஓய்வுபெற்றுப் பதினோரு வருடம் ஆகியும் அப்படித்தான். ஆலைச் சங்கு ஊதாத வீட்டில் சங்குக்குப் பயந்து சாப்பிட்டார்.

உங்கள் கேள்வியை விட்டு எங்கோ வந்துவிட்டேன். சரி, நீங்கள் சொல்லுங்கள். இன்று மதியம் எங்கே சாப்பிட்டீர்கள்? கணினிக்கு முன்னால், ஒரு கை விசைப்பலகையில் இருக்கத்தானே?